யோர்தானுக்குப் பதில் ஒரு மீன் பெட்டி

சண்டைக் காலத்துக் கொழும்பில், வெள்ளவத்தையில் லொட்ஜ் கதவு ஒன்றைத் தட்டினால் முதலில் வெளியே வருவது ஆள் அல்ல, அடையாள அட்டை. கதவு கொஞ்சம் திறக்கும். அந்த இடைவெளியால் ஒரு கை நீளும். கையில் அட்டை, அதற்குப் பின்னால் பொலிஸ் பதிவுத் துண்டு, அதற்கும் பிறகுதான் ஒரு முகம். "கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக" என்று நாங்கள் சொல்லி முடிப்பதற்குள் அந்த முகம் எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது, எப்போது போகும் எல்லாவற்றையும் ஒப்புவித்துவிடும். கேட்காமலே பாவசங்கீர்த்தனம் கிடைத்த ஊழியக்காரர்கள் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம்.

நாங்கள் என்றால் பாஸ்டரும் நானும். பாஸ்டர் மலைநாட்டுக்காரர், தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு புடைவைக் கடைக்கு மேல்மாடியை வாடகைக்கு எடுத்துச் சபை நடத்தினார். நான் கிழமை நாட்களில் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பனியில் கிளார்க். சனி, ஞாயிறுகளில் சபையின் கீபோர்ட்காரன், கதிரை அடுக்குபவன், லொட்ஜ் லொட்ஜாகப் போகும்போது பாஸ்டருக்குத் துணை. பாஸ்டருக்குப் பயம் என்றால் என்னவென்று தெரியாது. ஆகவே இரண்டு பேருக்கும் சேர்த்துப் பயப்படும் ஊழியம் என் தலையில் விழுந்தது. அதை நான் ஒரு நாளும் குறைவில்லாமல் செய்துவந்தேன்.

நான் பிறப்பால் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கன். குழந்தையாக இருந்தபோது தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். கலியாணம் செய்த பிறகு மனைவியோடு இந்தச் சபைக்கு வந்தேன், இவர்கள் என்னைக் கடலில் முழுதாக அமிழ்த்தி எடுத்தார்கள். இரண்டு தரம் கழுவியும் பயம் மட்டும் போகவில்லை. அது சாயம் போகாத துணி.

எங்கள் சபையில் ஞானஸ்நானம் என்றால் முழுக்குத்தான். உச்சி மயிரிலிருந்து உள்ளங்கால் வரை தண்ணீருக்குள் போய் வரவேண்டும். இயேசு முழுக்கு எடுத்தது யோர்தான் ஆற்றில்; எங்களுக்கு வாய்த்த யோர்தான் வெள்ளவத்தைக் கடல். விடியும்போது ரயில் தண்டவாளத்தைக் கடந்து, கல்லுகளில் வழுக்கி வழுக்கி இறங்குவோம். பாஸ்டர் ஒரு பக்கம், நான் மற்றப் பக்கம், நடுவில் முழுக்கு எடுக்கிறவர். எனக்கு நீந்தத் தெரியாது. கரையில் நின்று பாட்டுப் பாடிய சபையாருக்கு நான் அந்த விசுவாசியைத் தாங்கிப் பிடித்திருப்பதாகத்தான் தெரிந்திருக்கும். பிடித்தது நான்தான்; தாங்கியது விசுவாசி.

அந்த அக்காவை ஒரு லொட்ஜில்தான் சந்தித்தோம். சண்டை நடக்கும் வன்னிப் பக்கத்துக்காரர். நெடுநெடுவென்று உயரம், புருஷன் இல்லை. ஒரே மகனை வெளிநாட்டுக்கு ஏற்றிவிடக் கொழும்புக்கு வந்து, அவன் போய்ச் சேர்ந்த செய்திக்காகக் காத்திருந்தவர். சபைக்கு முதல் தரம் வந்தபோதே காரணத்தை ஒளிக்காமல் சொன்னார்.

"தம்பி, என்ர அறையில ஃபான் இல்லை. உங்கட இடத்தில இருக்கு. அதுதான் வந்தனான்."

"பரவாயில்லை அக்கா. கர்த்தர் காத்திலயும் வருவார்."

"வந்தாச் சொல்லும். அதுவரைக்கும் நான் இந்தக் கதிரையில இருக்கிறன்."

ஃபானுக்கு வந்தவர் பாட்டுக்கு இருந்தார். பாட்டுக்கு இருந்தவர் பிரசங்கத்துக்கும் இருந்தார். பிறகு பிரசங்கம் முடிந்ததும் பாஸ்டரைப் பிடித்துவைத்துக் கேள்வி கேட்கத் தொடங்கினார். மகனும் போய்ச் சேர்ந்துவிட்டான். இனி ஊரில் படுக்கையில் கிடக்கும் தமக்கையிடம் திரும்பவேண்டும். பொலிஸ் கொடுத்த அனுமதி ஒரு திங்கட்கிழமையோடு முடிகிறது. அன்று காலை வவுனியா ரயில். அதற்கு அப்பால் பாதை இன்றைக்குத் திறந்திருக்கும், நாளைக்கு இராது.

அதற்கு முந்தின கிழமைதான் அவர் பாஸ்டரிடம் வந்து, "போறதுக்கு முன்னம் எனக்கு ஞானஸ்நானம் தாங்கோ" என்றார்.

"அவசரப்படாதீங்கக்கா. அடுத்த தடவை வரும்போது ஆறுதலா எடுத்துக்கலாம்."

"அடுத்த தடவை எண்ட சொல்லை எங்கட பக்கம் இப்ப ஒருத்தரும் பாவிக்கிறேல்ல பாஸ்டர்."

அக்கா தொடர்ந்தார்.

"இந்த ஊரில எல்லாரும் என்ர பேரை எழுதினவை. பொலிஸ் எழுதினது, லொட்ஜ்காரன் எழுதினவன், ஆமி வந்து எழுதினது. எல்லாம் என்னை அனுப்புறதுக்கு எழுதினதுதான். என்னை வைச்சிருக்கிறதுக்கு எண்டு ஒருத்தர் என்ர பேரைச் சொல்லட்டும். அதைக் கேட்டிட்டுப் போறன்."

இதற்குப் பிறகு மறுப்பதற்கு பாஸ்டர் கல்லில் செய்த ஆள் அல்ல. ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் என்று முடிவாயிற்று.

அந்த வாரம் பார்த்து நகரத்தில் ஒரு குண்டு வெடித்தது. கரையோரம் முழுக்க ஆமி நின்றது. தண்டவாளத்துக்கு அப்பால் ஒரு காகம் போவதென்றாலும் அட்டை காட்டவேண்டிய நிலைமை. விடியற்காலையில் வெள்ளை உடுப்போடு வரிசையாகக் கடலுக்குள் இறங்கும் தமிழர்களை அந்தக் கிழமை யாரும் யோர்தானோடு சம்பந்தப்படுத்திப் பார்க்கமாட்டார்கள். இதை நான் பாஸ்டரிடம் மிகவும் தைரியமாக எடுத்துச் சொன்னேன். பயத்தைப் புத்திமதி போலச் சொல்வதில் எனக்கு நல்ல பழக்கம்.

"அப்ப என்னங்க பிரதர் செய்யிறது?"

"ஒரு கோப்பைத் தண்ணி பாஸ்டர். தலையில ஊத்திட்டு..."

"யோர்தான்ல கோப்பையால ஊத்தலைங்க பிரதர்."

அந்தக் கதை அத்தோடு முடிந்தது. ஆறு என்றால் களனி ஆறு. அதன் பாலத்தில் காவல். ஹோட்டல் நீச்சல் தடாகம் என்றால் பாஸ்டரை அங்கே குளிக்கும் வெள்ளைக்காரிகளிடமிருந்து நான் காப்பாற்றவேண்டும். குளியலறையில் இருந்தது ஒரு வாளியும் ஒரு குழாயும்தான். அப்போதுதான் எனக்கு அண்ணனுடைய பெட்டி ஞாபகத்துக்கு வந்தது.

என் அண்ணன் கொட்டாஞ்சேனையில், துறைமுகத்துக்குக் கிட்ட, மீன் மொத்த வியாபாரம். அவரிடம் வெள்ளை ஃபைபர் பெட்டி ஒன்று இருந்தது. ஆள் நீளம், கனமான மூடி. பெரிய சூரை மீன்கள் ஐஸுக்குள் மல்லாந்து படுத்து ஊர்வலம் போகும் பெட்டி. சனிக்கிழமை போய் விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு என்னை நீண்ட நேரம் பார்த்தார்.

"ஒரு சிப்பித் தண்ணியில முடியிற வேலைக்கு உங்களுக்குக் கடல் வேணும். கடல் பூட்டியாச்செண்ட உடனே என்ர பெட்டி வேணும். ஏன்டா, உங்கட ஆண்டவருக்குத் தலை எது, கால் எதெண்டு தெரியாதா?"

"பாஸ்டர் ஊத்த மாட்டாராம் அண்ணே."

"உனக்கு ஊத்தித்தானேடா வளர்த்தம்."

உள்ளே இருந்து அண்ணியின் குரல் வந்தது. "நல்லா ஊத்தியிருந்தா இப்பிடி ஓடியிருக்க மாட்டார்."

ஆனாலும் பெட்டி வந்தது. அண்ணன் அதன் அடியில் இருந்த ரப்பர் தக்கையைப் பிடுங்கி மதிலில் வைத்துவிட்டு, சவர்க்காரத்தூள் போட்டு உரஞ்சிக் கழுவினார். அண்ணி தேசிக்காய்களை வெட்டித் தேய்த்தார். வெயிலில் காயவிட்டார்கள். மீன் மணம் போகவில்லை. அதற்கு மேல் தேசிக்காய் மணம் ஏறி உட்கார்ந்ததால் பெட்டி இன்னும் ருசியாக மணத்தது.

சபையின் முழுக்கு அங்கி அக்காவின் உயரத்துக்குக் கட்டை. அதையும் அண்ணியிடம் கொடுத்திருந்தேன். அவர் கீழே ஒரு துண்டு வைத்துத் தைத்து, அயர்ன் பண்ணி, மடித்தால் கசங்கிவிடும் என்று பெட்டிக்குள் ஒரு துணி விரித்து அதன் மேல் நீட்டாகக் கிடத்தினார். கைகள் தொங்காமல் இருக்க இரண்டு கையையும் மார்பின் மேல் மடித்து வைத்தார். நல்ல மனிசி. அன்றைக்கு எங்கள் எல்லாரையும் உள்ளே தள்ளப் பார்த்தவரும் அவர்தான்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்து வந்து அண்ணன் லொறியை எடுத்தார். பின்னால் பெட்டி, முன்னால் அவரும் நானும். பம்பலப்பிட்டி வருமுன் ஒரு செக்பொயின்றில் கை காட்டினார்கள். ஓர் ஆமிக்காரர் வந்தார். பருத்த உடம்பு, நரை தொடங்கின மீசை, நித்திரை இல்லாத கண். அட்டைகளைப் பார்த்தார். பின்னால் போனார். என்ன பெட்டி என்றார்.

"காலிப் பெட்டி, மாத்தயா" என்றார் அண்ணன், சிங்களத்து ஐயா சேர்த்து.

அவர் மூடியைத் திறந்தார். முதலில் மணம் வந்தது. பிறகு, மார்பில் கை கட்டி, மல்லாந்து, நிம்மதியாகப் படுத்திருந்த வெள்ளை அங்கி தெரிந்தது. அவர் பின்னால் எடுத்து வைத்த அடியில் தோளில் தொங்கிய துவக்கு மூடியில் முட்டியது. அந்தச் சத்தத்தில் என் உயிர் இறங்கி, பஸ் பிடித்து, கொட்டாஞ்சேனைக்குத் திரும்பிப் போய்விட்டது.

அங்கே பொறுப்பாக இருந்தவர் வந்து அங்கியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மேக மொகக்த?" என்றார். இது என்ன?

உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும். ஞானஸ்நானம் என்றால் விளங்காத சிங்களவரைக் கொழும்பில் தேடிப் பிடிக்கவேண்டும். ஆனால் பயம் வந்தால் என் மூளை உண்மையைப் பத்திரமாக ஒளித்து வைத்துவிட்டு, அதற்குப் பதிலாகக் கையில் அகப்பட்டதை வெளியே அனுப்பும். அன்றைக்கு அகப்பட்டது ஒரு கலியாணம்.

"மகுல் கெதர" என்றேன். கலியாண வீடு. பெட்டி சோடாவுக்கு ஐஸ் போட. உடுப்பு கலியாணப் பொம்பிளையுடையது.

"பொம்பிளையின் உடுப்பை மீன் பெட்டியிலா கொண்டுபோவது?"

"கசங்காமல் இருக்க, மாத்தயா."

அண்ணன் முகத்தை ஸ்டியரிங்கில் கவிழ்த்துக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின.

"அவர் ஏன் அழுகிறார்?"

"தங்கச்சியின் கலியாணம், மாத்தயா. பிரிவுத் துக்கம்."

எங்களுக்குத் தங்கச்சியே கிடையாது. பொறுப்பானவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு பெட்டியைத் திறந்த அந்த மீசைக்காரரிடம், கூடவே போய்ப் பார்த்துவிட்டு வரும்படி சொன்னார். கலியாணம் உண்மை என்றால் தனக்கு ஒரு துண்டுக் கேக் கொண்டுவரவேண்டும், பொய் என்றால் எங்களைக் கொண்டுவரவேண்டும். மீசைக்காரர் லொறியில் ஏறி, பெட்டி மூடியின் மேல் உட்கார்ந்து, துவக்கை மடியில் வைத்துக்கொண்டார்.

லொறி நகர்ந்தது. அண்ணன் கண்ணைத் துடைத்தார்.

"தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்தாச்சா?"

"பகிடி விடாதே அண்ணே. எல்லாரையும் பிடிச்சுக்கொண்டு போகப் போறாங்கள். அந்த அக்காவுக்கு நாளைக்கு ரெயில். அவவின்ர ஞானஸ்நானத்தை நான் கெடுத்துப்போட்டன்."

"உங்கட பாஸ்டர் இன்னும் தனி ஆள்தானே?"

"அதுக்கு?"

"அக்காவும் தனி ஆள். உடுப்பு இருக்கு, பெட்டி இருக்கு, சாட்சிக்கு ஆமியும் வருது. இனி என்ன வேணும்?"

இது பகிடிதான். ஆனால் வெள்ளவத்தைச் சந்தையடி வரும்போது நான் அதை உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் கேள்வி கேட்பவர்கள், வீட்டில் சண்டை வராது, வந்தாலும் வேத வசனத்தோடு வரும் என்றெல்லாம் கணக்குப் பார்த்தேன்.

ஒழுங்கையில் இறங்கினபோது சபையார் மாடிப்படி நெடுக வெள்ளை உடுப்போடு நின்றார்கள். பார்த்தால் கலியாண வீடேதான். மீசைக்காரரின் முகமும் இளகியது. படி ஒடுக்கமாக இருந்ததால் பெட்டியின் ஒரு மூலைக்கு அவரே தோள் கொடுத்தார். மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு, மாப்பிள்ளை எங்கே என்று கேட்டார்.

என் விரல் என்னைக் கேட்காமலே எழுந்து பாஸ்டரைக் காட்டியது.

அவர் போய் பாஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்கி வாழ்த்துச் சொன்னார். பாஸ்டர் என்னைப் பார்த்தார்.

"எதுக்குங்க பிரதர் இவர் என்னைய வாழ்த்துறாரு?"

"பிறகு சொல்லுறன் பாஸ்டர். இப்ப கொஞ்சம் சிரியுங்கோ."

பாஸ்டர் சிரிக்கவில்லை. நல்ல சிங்களத்தில் அவரிடமே விசாரித்தார். விசாரித்து முடித்ததும், எனக்குக் கோபம் வருமளவுக்கு அமைதியாக, உள்ளதைச் சொன்னார். இங்கே கலியாணம் இல்லை. இந்த அக்கா நாளைக்கு ஊருக்குப் போகிறார். அதற்கு முன் ஞானஸ்நானம். பெட்டி அதற்குத்தான்.

மீசைக்காரர் முகம் இறுகியது. பொய் சொல்லிக்கொண்டு வந்த லொறி, ஒரு கூட்டம், ஒரு பெட்டி. எல்லாரும் தன்னோடு செக்பொயின்றுக்கு வரவேண்டும் என்றார். அக்கா கதிரையை விட்டு எழுந்தார். கைப்பையிலிருந்து அடையாள அட்டையையும் பொலிஸ் துண்டையும் எடுத்து, பழக்கப்பட்ட கையோடு நீட்டினார்.

"நாளை வரைக்கும் இருக்கலாம் எண்டு இதில கிடக்கு" என்றார். பிறகு பாஸ்டரிடம் திரும்பினார். "அவரிட்டச் சொல்லுங்கோ. கூட்டிக்கொண்டு போறதெண்டா நான் வாறன். ஆனா நனைஞ்சிட்டு வாறன். ஈரம் காய முன்னம் வருவன்."

பாஸ்டர் சொன்னார். மீசைக்காரர் அட்டையைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தார். பிறகு ஃபானுக்குக் கீழே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அக்கா வழக்கமாக உட்காரும் கதிரை.

"சரி. நான் கண்ணால் பார்க்கவேண்டும். பார்த்தால்தான் போய்ச் சொல்லலாம்." என்னிடம் திரும்பினார். "நீ ஏன் பொய் சொன்னாய்?"

"பய உனா, மாத்தயா."

"பயந்தாயா? அந்த மூடியைத் திறந்தது நான்" என்றார் அவர்.

நான் வாளியைத் தேடிப் போனேன்.

பெட்டியை நடுவில் வைத்துத் தண்ணீர் நிரப்பத் தொடங்கினோம். குளியலறைக் குழாயிலிருந்து வாளி கைமாறிக் கைமாறி வந்தது. ஞாயிறு மத்தியானத்தோடு எங்கள் மாடிக்குத் தண்ணீர் நின்றுவிடும். ஆகவே ஓட்டமும் நடையுமாக ஊற்றினோம். ஊற்ற ஊற்றப் பெட்டியில் தண்ணீர் ஏறவில்லை. எனக்கு இது ஏதோ வேதாகமத்து அடையாளம் போலத் தோன்றியது. பிறகு படியால் ஏறி வந்த ஒருவர், கீழே புடைவைக் கடை வாசலில் ஆறு ஓடுகிறது என்றார்.

அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "தக்கை."

ஐஸ் கரைந்த தண்ணீர் ஓட மீன் பெட்டிக்கு அடியில் ஓட்டை இருக்கும். அதன் தக்கை கொட்டாஞ்சேனை மதிலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. துணியைச் சுருட்டி அடைத்தோம், தள்ளிக்கொண்டு வந்தது. கடதாசி கரைந்தது.

"ஒரு மெழுகுதிரி இருந்தா உருக்கி ஊத்தி அடைச்சிருக்கலாம்" என்றார் அண்ணன், சபையைச் சுற்றிப் பார்த்தபடி. "அதுகூட இல்லாத கோயில்."

கடைசியில் என் பெருவிரல் பொருந்தியது. நான் தரையில் குப்புறப் படுத்து, ஓட்டையில் விரலை வைத்து அழுத்திக்கொண்டேன். இரண்டு ஞானஸ்நானம் எடுத்தவன், வாரம் தவறாமல் கீபோர்ட் வாசிப்பவன், ஒரு கலியாணத்தையே நடத்தி வைக்கப் பார்த்தவன். கடைசியில் பரலோக ராஜ்ஜியத்தில் எனக்குக் கிடைத்த உத்தியோகம் தக்கை.

பெட்டி பாதி நிரம்பியபோது குழாய் நின்றது. கடைசி வாளி கைக்கு வந்து கதவோரம் நின்றது. இனித் தண்ணீர் பின்னேரம்தான்; அதுவரை மீசைக்காரர் காத்திருக்கமாட்டார். அக்கா அங்கியோடு வந்து பெட்டிக்குள் கால் வைத்தார். நான் படுத்திருந்த இடத்திலிருந்து தெரிந்தது பெட்டியின் வெள்ளைச் சுவரும் பாஸ்டரின் சப்பாத்தும்தான். ஆகவே மிச்சத்தை நான் காதால்தான் பார்த்தேன்.

பாஸ்டர் அக்காவின் பேரைச் சொன்னார். முழுப் பேர், தகப்பன் பேரும் சேர்த்து, ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக. பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே என்றார். தண்ணீர் அலம்பியது.

"பிரதர், முழங்கால் மேல நிக்குதுங்க."

"அமத்துங்கோ பாஸ்டர்."

"அமத்தினா தலை மேல வருதுங்க."

"சூரைக்குக் காலில்லை" என்று அண்ணன் பின்னாலிருந்து விளக்கம் சொன்னார். "அந்த அளவுக்குத்தான் பெட்டி செய்தது."

இரண்டாம் தரம் அமிழ்த்தினார்கள். அதே கதை. தலை போனால் முழங்கால், முழங்கால் போனால் தலை. என் விரல் மரத்துப்போய், ஓரத்தால் தண்ணீர் கசிந்து என் சேர்ட்டுக்குள் இறங்கியது. நீர் மட்டம் குறைகிறது என்று எல்லாருக்கும் தெரிந்தது. பாஸ்டர் திணறுவதை அன்றைக்குத்தான் முதல் தரம் கேட்டேன். முழுதாக அமிழாவிட்டால் அது ஞானஸ்நானம் இல்லை என்று எத்தனை பிரசங்கம் செய்தவர் அவர். அத்தனைக்கும் நான் கீபோர்ட் வாசித்திருக்கிறேன்.

பெட்டிக்குள்ளிருந்து அக்கா சொன்னார். "பாஸ்டர், நாளைக்கு ரெயில்."

கதிரை ஒன்று தரையில் உரசியது. கனமான சப்பாத்துகள் கதவு வரை போய்த் திரும்பி வந்து என் தலைமாட்டில் நின்றன. பிறகு அண்ணன் சொல்லித்தான் தெரியும்: மீசைக்காரர் துவக்கை முதுகில் மாட்டிக்கொண்டு, கதவடியிலிருந்த அந்தக் கடைசி வாளியைத் தூக்கி வந்து, பாஸ்டரைப் பார்த்துக் கீழே என்று தலையசைத்தாராம். அக்கா தானே மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையை அமிழ்த்தினாராம். அந்த நேரம் பார்த்து, மேலே நின்ற இரண்டு முழங்காலிலும் இவர் வாளியை நிதானமாகச் சரித்தாராம். ஒரு மயிரோ முழங்காலில் ஒரு துளி இடமோ நனையாமல் மிஞ்சவில்லையாம்.

அக்கா எழும்பித் தண்ணீரை ஊதித் தள்ளினார். "முடிஞ்சுதோ?"

எல்லாரும் பாஸ்டரைப் பார்த்தார்கள். நான் அவருடைய சப்பாத்தைப் பார்த்தேன். அது பெட்டிக்குக் கிட்ட ஓர் அடி வந்தது.

"முடிஞ்சதுங்கக்கா" என்றார். "ஆமென்."

சபை ஆமென் என்றது. அது அடங்கும் வரை அண்ணன் பொறுத்திருந்தார்.

"அப்ப ஊத்தினாலும் சரிதான் எண்டு ஒப்புக்கொண்டாச்சு."

"முழங்காலுக்கு மட்டுங்க" என்றார் பாஸ்டர்.

நான் விரலை எடுத்தேன். யோர்தான் படி வழியாகக் கடலைப் பார்த்து ஓடியது.

ஞானஸ்நானத்துக்குப் பிறகு தேத்தண்ணியும் பட்டர் கேக்கும் கொடுப்பது வழக்கம். அக்கா ஈரத்தலையோடு, சொன்ன சொல் தவறாமல், கைப்பையை எடுத்துக்கொண்டு மீசைக்காரருக்கு முன்னால் வந்து நின்றார். காய்வதற்கு முன் வந்துவிட்டேன், போகலாமா என்று பாஸ்டர் மூலம் கேட்டார். மீசைக்காரர் வாயில் கேக் இருந்தது. வேண்டாம் என்று கையசைத்தார். இன்னொரு துண்டை ஒரு கடதாசியில் சுற்றித் தரச் சொன்னார்.

"கலியாணம் நடந்தது என்று சொல்லப்போகிறேன்" என்றார் என்னிடம். "இதை அங்கே விளங்கப்படுத்துவதை விட அது சுகம்."

இப்படியாக, பயத்தில் நான் பெற்ற கலியாணத்தை அரசாங்கமே ஏற்றுக்கொண்டது.

திங்கள் காலை அக்காவை ரயில் ஏற்றக் கோட்டை நிலையத்துக்குப் போனேன். பையைக் கொட்டிக் கிளறினார்கள், பேரைக் கேட்டு எழுதினார்கள். அக்கா பேரைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்தார். ரயில் பெட்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

"தலைக்குச் சவர்க்காரம் வைச்சு ரெண்டு தரம் தோய்ஞ்சிட்டன் தம்பி. மீன் மணம் போகேல்ல."

"மீன் பிடிச்ச பேதுருவுக்கும் போயிருக்காது அக்கா."

"உமக்கு எல்லாத்துக்கும் ஒரு பதில்." பிறகு முகம் மாறியது. "ஒரு பிழை விட்டிட்டன். அந்த மனிசன்ர பேரைக் கேக்கேல்ல."

"எந்த மனிசன்?"

"முழங்காலுக்கு ஊத்தினவர். ராத்திரிச் செபத்தில எல்லாற்ற பேரும் சொன்னனான். மகன், தமக்கை, பாஸ்டர், நீர், உம்மட அண்ணர். அவரிட்ட வந்து நிண்டிட்டன். எல்லாரும் என்ர பேரைக் கேட்டு எழுதுகினம், எனக்கு ஒரு ஆளின்ர பேரைக் கேக்கத் தெரியேல்ல பாரும். என்னெண்டு சொல்லுறது?"

"வாளி எண்டு சொல்லுங்கோ. அங்க மேல விளங்கும்."

அக்கா யோசித்தார். பகிடி என்று தள்ளிவிடவில்லை.

"நீர் கேட்டு வையும்" என்றார். ரயில் நகர்ந்தது.

கேட்பதற்கு எனக்கு வசதி இருந்தது. வேலைக்குப் போகும் பஸ் அதே செக்பொயின்றில்தான் நிற்கும். மீசைக்காரர் ஏறி அட்டைகளைப் பார்த்துக்கொண்டு வருவார். என்னிடம் வந்ததும் குனிந்து, "அத மகுலக் நெத்த?" என்பார். இன்றைக்குக் கலியாணம் இல்லையா? பஸ் முழுக்க என்னைப் பார்க்கும். நான் பல்லைக் காட்டுவேன். அட்டையைத் திருப்பித் தருவார். ஒவ்வொரு தரமும் பேரைக் கேட்பது என்று தீர்மானித்துக்கொண்டுதான் பஸ் ஏறுவேன். ஆனால் செக்பொயின்றில் நின்றுகொண்டு ஒரு தமிழன் ஆமிக்காரரிடம் பேர் கேட்பதா? கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார், செபத்துக்கு என்று சொல்ல வாயைத் திறந்தால் என் மூளை இன்னொரு கலியாணத்தை அனுப்பும். நாளைக்குக் கேட்கலாம் என்று விடுவேன்.

ஒரு நாள் அந்த இடத்தில் வேறு ஆள் நின்றார். அடுத்த நாளும் அவர்தான். எங்கே மாற்றினார்கள் என்று விசாரிக்க எனக்குத் தைரியம் இல்லை. வடக்குப் பக்கம்தான் அப்போது எல்லாரையும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அக்கா போன பாதையும் அதற்குள் பூட்டியாயிற்று. ஒரு சேதியும் இல்லை.

இத்தனை வருஷமாகியும் படுக்கப் போகுமுன் நானும் பேர்களைச் சொல்லித்தான் செபிக்கிறேன். அக்காவின் பேரை பாஸ்டர் சொன்ன மாதிரியே, தகப்பன் பேரோடு, முழுதாகச் சொல்வேன். அடுத்ததாக வாளி என்பேன். பக்கத்தில் கண்ணை மூடியிருக்கும் மனைவி, ஒரு நாளும் தவறாமல், மெல்ல ஆமென் என்பாள்.